மண் தடம் அனுப்பிய வீரர்கள் எங்கே?

இண்டியானாபோலிஸ் ஓவல் நூறாண்டுக்கும் மேலாக அதே இடத்தில், அதே நீளத்தில் கிடக்கிறது. அதில் கார் ஓட்ட வருகிறவர்களின் ஊரும் வளர்ப்பும் அடியோடு மாறிவிட்டன. இந்த மாற்றத்தில் கைக்கு வந்தது என்ன, கைவிட்டுப் போனது என்ன?

2025 மே 25. இண்டியானாபோலிஸ் 500 பந்தயம் முடிய இன்னும் 14 சுற்றுகள். முதல் திருப்பத்தில் நுழையும்போது மார்கஸ் எரிக்சனை முந்தினார் அலெக்ஸ் பலோ. முந்தப்பட்டவர் ஸ்வீடன்காரர், முந்தியவர் ஸ்பெயின்காரர். அமெரிக்காவின் மத்திய மேற்கு மண்ணில், மூன்று லட்சம் பேருக்கு மேல் கூடியிருந்த திடலில் இது நடந்தது. கொடி விழும்வரை பலோ முன்னிலையை விட்டுக்கொடுக்கவில்லை. 28 வயதில், இந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஸ்பெயின்காரர் ஆனார்.

அதற்கு முன்பே அவர், இந்தப் பந்தயம் அடங்கிய இண்டிகார் தொடரில் மூன்று முறை சாம்பியன். ஆனாலும் ஓவல் தடம் எதிலும் அதுவரை அவர் வென்றதில்லை. நகரத் தெருக்களிலும், இடமும் வலமுமாக வளைந்து நெளியும் சாலைத் தடங்களிலும் ஜெயித்தே மூன்று பட்டங்களைச் சேர்த்துவிட்டார். பார்சிலோனாவுக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, கோ-கார்ட்டில் பழகி, ஐரோப்பாவின் சின்ன ஃபார்முலா பந்தயங்களையும் ஜப்பானின் சூப்பர் ஃபார்முலாவையும் கடந்து வந்தவர்.

எரிக்சனின் கார் பந்தயத்துக்குப் பிந்தைய பரிசோதனையில் தேறவில்லை. அதனால் இரண்டாம் இடம் டேவிட் மலுகாஸுக்குப் போனது. அவர் ஓட்டியது ஏ.ஜே. ஃபாய்ட் அணியின் கார். ஃபாய்ட்டுக்கு அப்போது வயது 90. இதே தடத்தில் நான்கு முறை வென்றவர். ஹூஸ்டன் நகரில் கார் பட்டறை வைத்திருந்தவரின் மகன். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். மண் தடங்களில் புழுதி தின்று வளர்ந்தவர். முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையே சில வினாடிகள்தான். ஆனால் பலோ வந்த வழிக்கும் ஃபாய்ட் வந்த வழிக்கும் இடையே ஒரு நாட்டின் சமூக வரலாறே இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது.

முதலில் தடத்தைத் தெரிந்துகொள்வோம். ஓவல் என்றதும் முட்டை வடிவம் என்று நினைக்க வேண்டாம். இண்டியானாபோலிஸ் தடம் மூலை மழுங்கிய செவ்வகம். ஒரு சுற்று 4 கிலோமீட்டர். தலா ஒரு கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு நேர்வழிகள், 200 மீட்டரில் இரண்டு குறுவழிகள், நான்கு மூலைகளிலும் 400 மீட்டர் நீளத் திருப்பங்கள். எல்லாமே இடப்பக்கம். 200 சுற்று, 805 கிலோமீட்டர். வரிசைக்கு மூன்றாகப் பதினொரு வரிசை, மொத்தம் 33 கார்கள்.

பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்த்தவர்களுக்குத் திருப்பத்தின் சாய்வு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. வேகம்தான் வண்டியைச் சுவரோடு ஒட்டவைக்கிறது. இண்டியானாபோலிஸில் அந்தச் சாய்வு ஒன்பது டிகிரியை ஒட்டித்தான். எனவே சாய்வு கொஞ்சம் தாங்கும், மீதியை டயரும் ஓட்டுபவரின் கையும்தான் தாங்க வேண்டும். இந்தக் கார்களின் சக்கரங்கள் மூடப்படாதவை. முன்னால் போகும் காரின் பின்சக்கரத்தில் நம் முன்சக்கரம் ஏறினால், கார் அப்படியே வானத்துக்குக் கிளம்பிவிடும். வெளிப்பக்கம் எப்போதும் சுவர். சாலைத் தடத்தில் தவறு செய்தவர் சரளைக்கல் பரப்பில் இறங்கி நிற்பார். ஓவலில் தவறு செய்தவருக்கு அந்தச் சுவர்தான்.

செங்கல் காலம்

கார்ல் ஃபிஷரும் மூன்று கூட்டாளிகளும் 1909இல் இந்தத் தடத்தைக் கட்டியபோது நொறுக்கிய கல்லையும் தாரையும்தான் விரித்தார்கள். அந்த ஆகஸ்டில் நடந்த முதல் கார் பந்தயங்களிலேயே பரப்பு பெயர்ந்து, ஓட்டுநர்களும் உதவியாளர்களும் பார்வையாளர்களும் செத்தார்கள். ஆண்டு முடிவதற்குள் 32 லட்சம் செங்கற்களைப் பதித்தார்கள். இன்று தார்ச் சாலைக்கு நடுவே, வெற்றிக் கோட்டில் மட்டும் ஒரு கஜ அகலத்துக்கு அந்தச் செங்கல் தெரிகிறது.

1911இல் நடந்த முதல் 500 மைல் பந்தயத்தை வென்ற ரே ஹாரூன், மார்மன் கார் நிறுவனத்தின் பொறியாளர். தான் ஓட்டிய காரைத் தானே வடிவமைத்தவர். மற்ற எல்லார் பக்கத்திலும் ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். எண்ணெயைக் கையால் பம்ப் அடிப்பது, டயர் தேய்கிறதா என்று பார்ப்பது, பின்னால் யார் வருகிறார்கள் என்று சொல்வது அவர் வேலை. ஹாரூன் அந்த இருக்கையையே எடுத்துவிட்டு, பின்னால் பார்க்க ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சராசரி வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். ஆறு மணி நேரம் 42 நிமிடம் ஓட்டினார். பின்னர் மெக்கானிக் இருக்கை கட்டாயமாகி, இடையில் விருப்பமாகி, மறுபடி கட்டாயமாகி, 1937வரை நீடித்தது. விபத்தில் ஓட்டுநருடன் சேர்ந்து செத்த அந்த உதவியாளர்களின் பெயர்கள் எந்தக் கோப்பையிலும் இல்லை.

அயல்நாட்டுக்காரர்கள் இப்போதுதான் இண்டியானாபோலிஸைப் பிடித்துக்கொண்டார்கள் என்று புலம்புகிறவர்கள் 1913ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு பிரான்ஸின் ஜூல் கூ, பெஜோ காரில் வந்து வென்றார். நடுவில் நின்றபோதெல்லாம் ஷாம்பெய்ன் குடித்தார். அந்த பெஜோ இன்ஜினின் அமைப்பைப் படித்துத்தான் கலிபோர்னியாவின் ஹாரி மில்லர் தன் இன்ஜின்களைச் செய்தார். அவருடைய பட்டறையிலிருந்து வந்ததுதான் ஆஃபன்ஹாசர் இன்ஜின். பல பத்தாண்டுகள் இண்டியானாபோலிஸை ஆண்ட, அமெரிக்கர்கள் தங்களுடையது என்று மார்தட்டிய அந்த நான்கு சிலிண்டர் இன்ஜினுக்குப் பூர்வீகம் பிரான்ஸ்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கறுப்பினத்தவருக்கு அந்தத் தடத்தில் இடமில்லை. அதனால் அவர்கள் 1924 முதல் 1936 வரை, அதே நகரத்தின் மாநிலக் கண்காட்சித் திடலில் இருந்த மண் ஓவலில் 'கோல்ட் அண்ட் குளோரி' என்ற தங்களுக்கான பந்தயத்தை நடத்தினார்கள். அதில் பலமுறை வென்ற சார்லி விக்கின்ஸ் இண்டியானாபோலிஸிலேயே பட்டறை வைத்திருந்த கெட்டிக்கார மெக்கானிக். 1936 விபத்தில் ஒரு காலை இழந்தார். தன் வீட்டுக்குப் பக்கத்தில் நடந்த 500இல் ஒரு முறைகூட அவர் ஓட்ட முடியவில்லை. கறுப்பினத்தவர் ஒருவர் அங்கே ஓட்ட 1991இல் வில்லி டி. ரிப்ஸ் வர வேண்டியிருந்தது.

புழுதியே பள்ளிக்கூடம்

இரண்டாம் உலகப் போரின்போது தடம் பூட்டிக் கிடந்து புல் மண்டியது. 1945இல் டோனி ஹல்மன் என்ற வணிகர் வாங்கிச் சீர்செய்தார். அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகளைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை அதிகம். ஓவல் பந்தயம் உழைக்கும் வர்க்கத்தின் விளையாட்டாக முழுதாக இருந்தது அப்போதுதான்.

அமெரிக்காவின் ஒவ்வொரு மாவட்டத்திலும் கண்காட்சித் திடல் ஒன்று இருக்கும். குதிரைப் பந்தயத்துக்காகப் போட்ட மண் வட்டம் அதில் இருக்கும். வார இறுதியில் அங்கே மிட்ஜெட் எனப்படும் குட்டிக் கார்களும், ஸ்பிரின்ட் கார்களும் ஓடும். பழைய உதிரிபாகங்களை வெல்டிங் செய்து காரைக் கட்டிவிடலாம். திறமை இருந்தால் யாராவது ஒரு கார் சொந்தக்காரர் கூப்பிட்டு உட்கார வைப்பார். பரிசுப் பணத்தில் பங்கு கொடுப்பார். வாரத்துக்கு மூன்று நான்கு ஊர், கிழக்கிலிருந்து மேற்குவரை. ஜெயித்துக்கொண்டே இருந்தால் ஒரு மே மாதம் இண்டியானாபோலிஸிலிருந்து அழைப்பு வரும்.

மண்ணில் ஓட்டுவது தனிக் கலை. திருப்பத்துக்குள் காரை வீசியதும் பின்பக்கம் வழுக்கி வெளியே போகும். முன்சக்கரங்களை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரைக் கூட்டியும் குறைத்தும்தான் காரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். திருப்புவது வலது கால்தான். கை சும்மா சரிபார்க்கும். ஒவ்வொரு சுற்றிலும் மண் காய்ந்து, பள்ளம் விழுந்து, வழி மாறிக்கொண்டே இருக்கும். பென்சில்வேனியாவின் லாங்ஹார்ன் தடத்தில் நேர்வழியே கிடையாது, ஒரு மைல் சுற்றளவும் முழு வட்டம். அங்கே ஓய்வு என்பதே இல்லை, கடைசிவரை வழுக்கல்தான். அதில் தேறியவர்களுக்கு, முன்பக்கம் இன்ஜின் வைத்த கனமான ரோட்ஸ்டர் கார் புதிதாகத் தோன்றவில்லை.

பில் வுகோவிச் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவிலிருந்து மிட்ஜெட் ஓட்டி மேலே வந்தவர். 1953 பந்தயத்தன்று வெயில் தாங்காமல் பலர் பாதியிலேயே வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு இறங்கினார்கள். கார்ல் ஸ்கார்பரோ வெப்பத்தால் இறந்தே போனார். வுகோவிச் இறங்கவில்லை, 200 சுற்றுகளில் 195இல் அவர்தான் முன்னிலை. 1954இலும் வென்றார். 1955இல் மூன்றாவது வெற்றியை நோக்கி முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, எதிரே மோதிக்கொண்ட கார்களில் இடித்து, சுவரைத் தாண்டி விழுந்து செத்தார். அவர் மகன் 1973இல் அதே பந்தயத்தில் இரண்டாம் இடம் பெற்றார். பேரன் 1988இல் சிறந்த புதுமுகம் என்று பெயர் வாங்கி, 1990இல் பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கத்துத் தடத்தில் உயிரை விட்டார்.

பெட்டன்ஹாசன் குடும்பத்தின் கதை இதைவிடக் கனமானது. தந்தை டோனி, இரண்டு முறை தேசிய சாம்பியன். இண்டியானாபோலிஸ் வெற்றி மட்டும் எட்டவில்லை. 1961 மே மாதம் நண்பரின் காரைச் சோதித்துப் பார்க்க ஏறியவர் திரும்பவில்லை. மகன் மெர்ல், 1972இல் தன் முதல் இண்டி கார் பந்தயத்திலேயே வலக்கையை இழந்தார். இன்னொரு மகன் கேரிக்கு 1974இல் மண் தட விபத்தில் இடக்கை நரம்பு அறுந்து பலமிழந்தது. அந்தக் கையோடுதான் அவர் 1980இல் 32ஆவது இடத்தில் புறப்பட்டு மூன்றாவதாக முடித்தார். இதையெல்லாம் வீரம் என்று மட்டும் பாடிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு குடும்பத்திடம் ஒரு விளையாட்டு இவ்வளவு கேட்கலாமா என்பதுதான் அன்று யாரும் எழுப்பாத கேள்வி.

இதே புழுதியிலிருந்து வந்த இன்னொருவர் மாரியோ ஆண்ட்ரெட்டி. இன்று குரோவேஷியாவில் இருக்கும் இஸ்திரியப் பகுதியில் பிறந்து, போருக்குப் பின் இத்தாலியின் லூக்கா நகர அகதி முகாமில் ஏழு ஆண்டுகள் வளர்ந்தவர். 1955இல் குடும்பம் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊருக்குக் குடியேறியது. அந்த ஊரிலேயே அரை மைல் மண் தடம் இருந்தது. 1959இல் மாரியோவும் இரட்டைச் சகோதரர் ஆல்டோவும் 1948 மாடல் ஹட்சன் காரைச் சரிசெய்து, தந்தைக்குத் தெரியாமல் மாறி மாறி ஓட்டினார்கள். பத்தே ஆண்டில், 1969இல், மாரியோ இண்டியானாபோலிஸை வென்றார். 1978இல் ஃபார்முலா 1 உலகச் சாம்பியனும் ஆனார். அகதி முகாமிலிருந்து உலகப் பட்டம்வரை ஒருவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த அந்தப் பாதையின் முதல் படி, ஊர்க்கோடியில் இருந்த ஒரு மண் வட்டம்.

இன்ஜின் பின்னால் போனது

அந்தப் பாதையை முதலில் அடைத்தது ஆணவமோ சதியோ அல்ல, எடைப் பங்கீடு. 1961இல் ஆஸ்திரேலியரான ஜாக் பிராபம், பின்பக்கம் இன்ஜின் வைத்த கூப்பர் காரோடு வந்தார். உள்ளூர்க்காரர்களின் ரோட்ஸ்டர்களோடு ஒப்பிட்டால் அது பொம்மை மாதிரி இருந்தது. நேர்வழியில் பின்தங்கியது, திருப்பங்களில் அவர்களைவிட வேகமாகப் போனது. ஒன்பதாவதாக முடித்தது. 1963இல் ஸ்காட்லாந்தின் ஆட்டுப் பண்ணைக்காரர் ஜிம் கிளார்க், லோட்டஸ் காரில் இரண்டாம் இடம். 1965இல் மொனாக்கோ கிராண்ட் பிரீயையே தவிர்த்துவிட்டு வந்து, 200 சுற்றுகளில் 190இல் முன்னிலை வகித்து வென்றார். இடையில் 1964இல் ஃபாய்ட் பெற்ற வெற்றிதான் முன் இன்ஜின் காருக்குக் கடைசி வெற்றி. அந்தப் பந்தயத்தின் இரண்டாம் சுற்றில் பெட்ரோல் தீப்பிடித்து டேவ் மெக்டொனால்டும் எடி சாக்ஸும் மாண்டார்கள். அதன்பின் பெட்ரோல் போய் மெத்தனால் வந்தது.

பின் இன்ஜின் காரில் ஓட்டுபவர் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு ஓட்டுகிறார். பின்பக்கம் வழுக்கவே கூடாது. வழுக்கினால் வேகம் போகும், அடுத்த கணம் சுவர். மண்ணில் பத்தாண்டு கற்ற வித்தை இங்கே பாதிக்கு மேல் வேண்டாத சுமையாகிவிட்டது. மிருதுவான கை, ஒரே கோட்டில் போகும் ஒழுங்கு, டயரின் மனநிலையை முதுகால் உணரும் நுட்பம் இவைதான் தேவைப்பட்டன. கோ-கார்ட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இவை எட்டு வயதிலேயே கைவந்துவிடும். 1970க்குப் பிறகு தேசிய சாம்பியன் பட்டக் கணக்கிலிருந்து மண் தடங்களை எடுத்துவிட்டார்கள். ஏணியின் கீழ்ப்படிகள் அன்றே அறுந்தன.

பிறகு இறக்கைகள் வந்தன. 1971இல் முதலிடத்தில் புறப்படத் தகுதி பெற்ற வேகம் மணிக்கு 288 கிலோமீட்டர். இறக்கைக்கு அனுமதி கிடைத்த 1972இல் பாபி அன்சர் அதை 315 ஆக்கினார். ஒரே ஆண்டில் இத்தனை பெரிய தாவல் அந்தத் தடம் அதுவரை கண்டதில்லை. அடுத்த ஆண்டே ஆர்ட் போலார்டையும் ஸ்வீட் சாவேஜையும் பலி கொடுத்தது. 1977இல் டாம் ஸ்னீவா மணிக்கு 200 மைலைத் தாண்டினார். அதே ஆண்டு ஜேனட் கத்ரி அங்கே ஓட்டிய முதல் பெண் ஆனார். விண்வெளித் துறையில் பணியாற்றிய பொறியாளர். மறு ஆண்டு மணிக்கட்டு எலும்பு முறிந்த நிலையில் ஒன்பதாவதாக முடித்தார். பெண்களால் இவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியாது என்று அதுவரை பேசியவர்கள் பிறகு வேறு காரணம் தேட வேண்டியதாயிற்று.

மாறிய கலையின் உச்சம் என்று நான் கருதுவது ரிக் மியர்ஸை. கலிபோர்னியப் பாலைவனப் பந்தயங்களிலிருந்து வந்தவர். நான்கு வெற்றி, ஆறு முறை முதலிடத் தகுதி. 1984இல் இரு பாதங்களும் நொறுங்கின. வெட்டியெடுக்க வேண்டிய நிலையில் இருந்த அவற்றை டாக்டர் டெர்ரி டிராமெல் காப்பாற்றினார். 1991இல் கடைசிக் கட்டத்தில் மைக்கேல் ஆண்ட்ரெட்டி முதல் திருப்பத்தில் வெளிப்பக்கமாக வந்து மியர்ஸை முந்தினார். அடுத்த சுற்றிலேயே அதே திருப்பத்தில், அதே வெளிப்பக்கமாக வந்து மியர்ஸ் திருப்பி முந்தினார். ஓவலில் வெளிப்பக்கம் முந்துவது எவ்வளவு மெல்லிய கோட்டில் நடப்பது என்று தெரிந்தவர்கள் அந்த இரண்டு சுற்றை இன்றும் பேசுகிறார்கள்.

மைக்கேல், மாரியோவின் மகன். 431 சுற்றுகள் இண்டியானாபோலிஸில் முன்னிலை வகித்தும் ஒரு முறைகூட வெல்லாதவர். அவர் மகன் மார்கோ 2006இல், 19 வயதில், தந்தையின் சொந்த அணிக் காரில், கோட்டுக்குச் சற்று முன்னால் சாம் ஹார்னிஷிடம் 0.0635 வினாடியில் தோற்றார். தாத்தா பழைய ஹட்சனில் தொடங்கினார், அப்பா கார்ட்டில், பேரனுக்கு அணியே வீட்டில் இருந்தது. ஒரே குடும்பப் படத்தில் மூன்று தலைமுறையின் மாற்றமும் தெரிகிறது.

கோவைக்காரர் ஒருவர்

சாலைத் தடக் கலையும் ஓவலும் எவ்வளவு வேறு என்பதற்கு நமக்கு நெருக்கமான சாட்சி ஒன்று உண்டு. 2005 ஜூன் 19 அன்று ஃபார்முலா 1 பந்தயம் இண்டியானாபோலிஸில் நடந்தது. ஓவலின் முதல் திருப்பத்தை எதிர்த்திசையில் கடந்து வரும்படி சாலைத் தடம் அமைந்திருந்தது. அந்தச் சாய்வில் விழும் சுமையை மிஷெலின் டயர்கள் தாங்கவில்லை. பயிற்சியிலேயே ரால்ஃப் ஷூமாக்கர் மோதினார். பந்தயத்தன்று மிஷெலின் போட்ட 14 கார்களும் முன்னோட்டச் சுற்றோடு ஒதுங்கிக்கொண்டன. மீதி ஆறு கார்களில் ஒன்றை ஓட்டிய கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் நான்காவதாக முடித்து, ஃபார்முலா 1இல் புள்ளி பெற்ற முதல் இந்தியர் ஆனார். ஐந்து புள்ளிகள். உலகின் தலைசிறந்த பொறியாளர்களைத் தலைகுனிய வைத்தது ஓவலின் ஒரே ஒரு திருப்பம்.

பிளவும் பின்விளைவும்

1990களில் வேறொரு சிக்கல். கலிபோர்னியாவில் பிறந்த ஜெஃப் கார்டன் என்ற சிறுவன் ஸ்பிரின்ட் கார் ஓட்டவேண்டும் என்பதற்காகவே அவன் குடும்பம் இண்டியானாவின் பிட்ஸ்பரோ ஊருக்குக் குடிபெயர்ந்தது. இண்டியானாபோலிஸ் தடம் பக்கத்தில்தான். ஆனால் இண்டி கார் இருக்கைக்கு ஸ்பான்சர் பணம் கொண்டுவர வேண்டும். அது இல்லாத கார்டன், மூடிய சக்கரக் கார்கள் ஓடும் நாஸ்காருக்குப் போனார். 1994இல் நாஸ்கார் முதன்முறையாக இண்டியானாபோலிஸுக்கு வந்தபோது வென்றவரும் அவர்தான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது ஊர்ப் பிள்ளைக்காக. இண்டிகாருக்கு அது பெரிய அவமானம்.

இதைச் சரிசெய்யப் போவதாகச் சொல்லித்தான் ஹல்மனின் பேரன் டோனி ஜார்ஜ், 1996இல் ஓவல்களுக்கு மட்டுமான தனித் தொடரைத் தொடங்கினார். அமெரிக்க மண் தட வீரர்களுக்கு வழி, குறைந்த செலவு என்றார். நோக்கத்தில் நியாயம் இருந்தது. செய்த விதத்தில் நாசம் விளைந்தது. 33 இடங்களில் 25ஐத் தன் தொடருக்கு ஒதுக்கினார். பெரிய அணிகள் அதே நாளில் மிஷிகனில் வேறொரு பந்தயம் நடத்தின. பார்வையாளர்கள் இரண்டாகப் பிரிந்து, பிறகு வேறெங்கோ போய்விட்டார்கள். மண்ணிலிருந்து வந்த டோனி ஸ்டூவர்ட் ஒருவர்தான் ஜார்ஜ் கனவுக்குச் சரியான உதாரணம். அவரும் ஒரு பட்டம் வென்றுவிட்டு 1999இல் நாஸ்காருக்கே போய்விட்டார். 2001, 2002, 2003 மூன்று ஆண்டுகளும் இண்டியானாபோலிஸை வென்றவர்கள் பிரேசில்காரர்கள். 2008இல் இரு தொடர்களும் ஒன்றானபோது மிஞ்சியிருந்தது பழைய பெருமையின் பாதி.

டோனி ஜார்ஜ் மீது எனக்கு இதற்காகக் கோபம் உண்டு. ஆனால் அவர் செய்த இன்னொரு காரியத்துக்காக வணங்கவும் தோன்றுகிறது.

சுவர் இளகியது

பிளவுக் காலத்தில் வேகம் மனித உடலின் எல்லையை முட்டியது. 1996இல் ஆரி லைன்டைக் நான்கு சுற்றுச் சராசரியாக மணிக்கு 381 கிலோமீட்டர் தொட்டார். அது இன்றும் முறியடிக்கப்படாத தகுதிச்சுற்று வேகம். 2001 ஏப்ரலில் டெக்சஸ் தடத்தின் 24 டிகிரி சாய்வில், ஈர்ப்பு விசையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் உடலை அழுத்தியதில் பெரும்பாலான ஓட்டுநர்களுக்குத் தலை சுற்றியது. சிலருக்குப் பார்வை கலங்கியது. டாக்டர் ஸ்டீவ் ஓல்வியின் எச்சரிக்கையைக் கேட்டு, தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்னால் பந்தயத்தையே ரத்து செய்தார்கள். அதே செப்டம்பரில் ஜெர்மனியின் லவுசிட்ஸ் ஓவலில் அலெக்ஸ் சனார்டி இரு கால்களையும் இழந்தார். பின்னாளில் லண்டன், ரியோ பாராலிம்பிக்ஸில் கைமிதி வண்டியில் தங்கம் வென்றார்.

ஜார்ஜின் ஆதரவோடு நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டீன் சிக்கிங் குழுவினர் உருவாக்கிய சுவர் 2002இல் முதலில் இண்டியானாபோலிஸில்தான் எழுந்தது. கான்கிரீட்டுக்கு முன்னால் எஃகுக் குழாய்கள், இடையில் நுரைக் கட்டிகள். மோதும் கார் தன் வேகத்தைச் சுவருக்கு விட்டுக்கொடுக்கும். ஓட்டுநரின் கழுத்துக்கு அல்ல. இன்று அமெரிக்காவின் பெரிய ஓவல்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அதனால் பிழைத்தவர்களின் எண்ணிக்கையை யாராலும் கணக்கிட முடியாது.

சுவர் மட்டும் போதவில்லை. 2011 அக்டோபரில் லாஸ் வேகாஸ் ஓவலில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே தேவையில்லாத வேகத்தில், 34 கார்கள் மந்தையாக ஓடின. 15 கார்கள் மோதிக்கொண்டதில் டான் வெல்டன் இறந்தார். அந்த ஆண்டு இண்டியானாபோலிஸை வென்றவர் அவர். அடுத்த ஆண்டுக்காக அவரே சோதித்துப் பார்த்த புதிய காருக்கு அவர் பெயரின் முதலெழுத்துகளைச் சூட்டினார்கள். பின்சக்கரங்களைச் சுற்றிக் கவசம் வைத்த அந்தக் கார்தான் மாற்றங்களோடு இன்றும் ஓடுகிறது. 2015இல் போக்கோனோ தடத்தில், முன்னால் மோதிய காரிலிருந்து பறந்த மூக்குப் பகுதி தலையில் பட்டு ஜஸ்டின் வில்சன் இறந்தார். 2020 முதல் ஓட்டுநருக்கு முன்னால் டைட்டானியச் சட்டத்தில் தடித்த கண்ணாடிக் கவசம் வந்துவிட்டது. 2017இல் ஸ்காட் டிக்சனின் கார் இண்டியானாபோலிஸில் வானில் பறந்து, உள்சுவரில் விழுந்து இரண்டாகக் கிழிந்தது. டிக்சன் தானாக எழுந்து நடந்து போனார்.

அந்தக் காலத்து ஆட்கள்தான் ஆண்கள், இப்போது எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள் என்று பேசுகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சை நான் முழுமையாக மறுக்கிறேன். பவர் ஸ்டீயரிங் இல்லாத காரை, மணிக்கு 370 கிலோமீட்டரில், முன்னால் போகும் கார் கலைத்துவிட்ட காற்றுக்குள், மூன்று மணி நேரம் கோட்டில் வைத்திருப்பது வுகோவிச் செய்ததற்கு எந்த விதத்திலும் குறைந்த வேலை இல்லை. ஸ்டீயரிங்கில் ஒரு கை, கம்பிகளின் இறுக்கத்தை மாற்றும் நெம்புகோலில் இன்னொரு கை. காதில், மேலிருந்து தடத்தைப் பார்த்துச் சொல்லும் ஸ்பாட்டரின் குரல். எரிபொருள் கணக்கு வேறு. புதிதாக வருகிறவர்கள் சிமுலேட்டரில் பழகி, பிறகு தடத்தில் படிப்படியாக வேகம் கூட்டிக் காட்டித் தேற வேண்டும். 2021இல் எலியோ காஸ்ட்ரோநெவெஸ் நான்காவது முறை வென்றபோது வயது 46; சராசரி வேகம் 307 கிலோமீட்டர், பந்தய வரலாற்றிலேயே அதிகம். முன்பெல்லாம் அந்த வயதுவரை ஓட்ட உயிரோடு இருப்பதற்கே கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

எனக்கு இருக்கும் மனக்குறை வேறு. பாதுகாப்புக்கு விலையாக மண் தடப் பிள்ளையை நாம் கொடுக்கவில்லை. அவனைப் பணம்தான் வெளியே தள்ளியது. எட்டு வயதிலிருந்து கார்ட், பிறகு ஃபார்முலா, பிறகு ஐரோப்பா என்று பெற்றோர் கொட்டிக்கொடுக்க முடிந்த குடும்பங்களிலிருந்துதான் இன்று பெரும்பாலானோர் வருகிறார்கள். 2025 தொடரின் 17 பந்தயங்களில் ஓவல் ஆறுதான். அணி முதலாளி ஏன் ஓவல் மட்டும் தெரிந்தவரை எடுக்கப் போகிறார்?

பிரையன் கிளாசன் இந்தக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். மிட்ஜெட்டிலும் ஸ்பிரின்டிலும் அவர் காலத்தின் முன்னணி வீரர். இண்டியானாபோலிஸ் 500இல் மூன்று முறை இடம் பிடித்தார். 2016இல் ஒரே ஆண்டில் 200 பந்தயம் ஓட்டுவது என்று கிளம்பியவர், அந்த மே மாதம் 500இல் மூன்று சுற்றுகள் முன்னிலை வகித்தார். அன்று இரவே கோகோமோ மண் தடத்துக்குப் போய் ஸ்பிரின்ட் காரும் ஓட்டினார். ஆகஸ்டில் கன்சாஸில் மிட்ஜெட் விபத்தில் இறந்தார். வயது 27.

அவர் நினைவாக 2018இல் இண்டியானாபோலிஸ் ஓவலின் மூன்றாம் திருப்பத்துக்கு உட்புறம் ஒரு சின்ன மண் தடம் போட்டு மிட்ஜெட் பந்தயம் நடத்தினார்கள். 2021இல் அதை வென்றவர் கைல் லார்சன், மண்ணிலேயே வளர்ந்தவர். 2024இல் அவர் பெரிய ஓவலில் 500 ஓட்டி, ஐந்தாவதாகத் தகுதி பெற்று, சிறந்த புதுமுகமாகவும் தேர்வானார். கையில் அதற்குள் நாஸ்கார் சாம்பியன் பட்டமும், பின்னால் பெரிய அணியும் ஸ்பான்சர்களும் இருந்தார்கள். பட்டம் இல்லாத இன்னொரு லார்சன் அந்த உள்தடத்தில் ஜெயித்தால், சில நூறு மீட்டர் தள்ளியிருக்கும் வெளித்தடத்துக்கு அவன் எப்படிப் போவான்? 2020 முதல் தடமும் தொடரும் ரோஜர் பென்ஸ்கேயின் நிறுவனத்தின் கையில்தான் இருக்கின்றன. 33 இடங்களில் ஒன்றை, ஆண்டுதோறும் மண் தடத் தேசிய சாம்பியன் ஒருவருக்கு, காரும் பயிற்சியும் சேர்த்து, அந்த நிறுவனமே கொடுக்க வேண்டும். வரும் மே மாதத்திலிருந்தே தொடங்கலாம்.